கேப்டன் நோரா கேட்காமல் விட்டது

தலைமை வகிக்கும் பங்குத்தந்தை ஸ்டீவ் சாமி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் குஷன் வைத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் கிரிக்கெட் சங்கச் செயலாளர் மகேஷ் சார் அவர்களே, முன்வரிசையில் அக்காவின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி ஆஸ்டின் அவர்களே, சாந்தோம், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் ஜனங்களே, பின்னால் சுவரோரம் நிற்கிற எங்கள் பெண் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

என் பெயர் முத்தம்மா. மந்தைவெளி மார்க்கெட் பக்கத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்திய மகளிர் அணிக்கு விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற வேலை. பேட் பிடித்து நிற்பவளின் காதில் எதையாவது ஓதி எரிச்சல் மூட்டுவதும் அதில் சேர்த்தி. ஆட்டம் போய்விட்டது, வாய் போகவில்லை. சாமி, மூன்று நிமிடம் என்று என்னிடம் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். நீங்கள் அதை நம்பியிருக்கக் கூடாது.

நாம் பறிகொடுத்திருப்பது யாரை? இந்திய அணியின் முன்னாள் தலைவி, ஆல்ரவுண்டர், கேப்டன் நோரா இக்னேஷியஸ் அவர்களை. நாங்கள் இருவரும் வாடி போடி. இன்றைக்கு மேடை என்பதற்காக நான் 'அவர்கள்' என்று இழுத்தால், அந்தப் படத்துக்குள் இருந்தே சிரித்துவிடுவாள். ஆகையால் அவள் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவளை மாதர் குலத் திலகம் என்றார்கள். மைதானத்து ராணி என்றார்கள். நன்றாக இருந்தது. இதில் ஒன்றையாவது அவள் காது கேட்கும்போது யாராவது வீட்டுப் பக்கம் வந்து சொன்னீர்களா? சொல்லியிருந்தால் வெட்கப்பட்டுப்போய், "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு வேறெதுவும் கேட்கத் தெரியாது.

அவள் எப்படி ஆடினாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆல்ரவுண்டர் என்றால் சமைக்கிறவளே பந்தி பரிமாறி இலையும் எடுக்கிற மாதிரி. பந்தும் போடுவாள், மட்டையும் பிடிப்பாள், அணி ஐம்பது ரன்னுக்குள் பாதி உட்கார்ந்துவிட்டால் இவள்தான் இறங்கித் தூக்கி நிறுத்துவாள். ரன் ஓடுவதில் மட்டும் குறை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள் மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வருவாள். எதிர்முனையில் நிற்கிற நான் கத்துவேன். "அடியே, கோயில் மணி அடிச்சு முடிச்சாச்சுடி, ஓடியா." அவளுக்குச் சிரிப்பு வந்து இன்னும் மெதுவாகிவிடும்.

அவள் என்னைப் பிடித்தது தி.நகர் பாத்திரக் கடையில். என் அப்பா அங்கே மூட்டை கட்டுகிற வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அதே கடையில் நின்றேன். மேல்தட்டிலிருந்து எவர்சில்வர் குடத்தை எறிவார்கள், கீழே நின்று பிடிக்க வேண்டும். யாருடைய கல்யாணத்துக்கோ பாத்திரம் வாங்க அம்மாவோடு வந்தவள், வாங்க வந்ததை மறந்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு கிரிக்கெட் தெரியுமா?"

"தெரியாது. குடம் தெரியும்."

"அது போதும். நாளைக்குக் காலைல வா."

அப்படி ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஆடுவது எப்படி என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? முன்பதிவு இல்லாத பெட்டி. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் பேட்டும் கால்காப்பும் நிறைந்த பைகள். பைகளின் மேல் இந்திய அணியின் தலைவி. இடம் கிடைத்தால் முதலில் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்பாள். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் அவளைப் பார்த்து, "யாரும்மா நீங்கள்லாம், நாடகக் கம்பெனியா?" என்றார். இவள் 'ஆமாம் சார்' என்று சொல்லிவிட்டாள். ஏண்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "இந்தியா டீம்னு சொன்னா நம்பவா போறாரு?" என்கிறாள்.

வெளிநாடு போய்த் திரும்பினோம். விமான நிலையத்தில் பெரிய மாலையோடு ஒரு கூட்டம் நின்றது. எனக்குக் காலே தரையில் இல்லை. மாலை துபாயிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைக்கு. நோரா ஓரமாக நின்று அந்த மாப்பிள்ளைக்குக் கை தட்டினாள். எங்களுக்கு ஆஸ்டின் தம்பி ஆட்டோவோடு வந்திருந்தார்.

அந்தப் பயணத்தின் கடைசி ஆட்டத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். குளிர் தேசம், ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. எனக்கு விரல் உடைந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோரா ஒரு பந்து போட்டாள். அவர்களுடைய நல்ல ஆட்டக்காரி, ஸ்டம்புக்கு நேராகக் காலில் வாங்கினாள். சுத்தமான அவுட். குருடனுக்கும் தெரியும். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பந்து போடுகிற அணி 'ஹவுஸ் தட்?', அதாவது இது அவுட்டா என்று, நடுவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அவுட் என்று தெரிந்தாலும் நடுவர் கை தூக்க மாட்டார். அதுவும் அடுத்த பந்துக்கு ஓடி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

இவள் கேட்கவில்லை. நடுவரைப் பார்த்துப் பணிவாக ஒரு சிரிப்பு சிரித்தாள். என் இடத்தில் நின்ற புதுப் பெண், தலைவியே கேட்கவில்லையே என்று சும்மா இருந்துவிட்டாள். நான் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கோட்டுக்கு வெளியே கத்துவது கணக்கில் சேராது. அந்த ஆட்டக்காரி கடைசி வரை நின்றாள். கோப்பை போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் நடுவரே வந்து, "நீங்கள் யாரும் கேட்கவில்லையே அம்மா" என்றார். ராத்திரி அறையில் இவள் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவருக்குத் தெரியாதா முத்து? அவர் கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு?"

"தெரியும்டி. நீ கேக்கல."

"எனக்கு வெக்கமா இருக்கு. இனிமே நான் பந்து போடறேன், நீ கேளு."

அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். அவள் போட்டாள், நான் கேட்டேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை பேரை இந்தத் தொண்டை வீட்டுக்கு அனுப்பியது தெரியுமா?

ஆனால் மைதானத்துக்கு வெளியே யார் கேட்பது? அடுத்த அணியை அறிவித்தார்கள், தலைவியாக வேறொரு பெயர். ஏன் என்று சொல்ல ஒரு ஃபோன் கிடையாது. போய்க் கேளுடி என்றேன். "அவங்களுக்குத் தெரியாதா முத்து, நான் எப்படி ஆடினேன்னு?" பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவளிடம் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் மனு போட்டார்கள். போடுடி என்றேன். "அவங்களுக்குத் தெரியாதா முத்து?" பெருமை மிக்க முன்னாள் வீராங்கனைகள் என்று விழா எடுத்தார்கள். அழைப்பிதழ் வரவில்லை. அப்போதும் அதே பாட்டு.

அவர்களுக்குத் தெரியாதா? இத்தனை நாள் நான் அவளிடம் சொன்ன பதிலை இன்றைக்கு உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். தெரியும். நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவள் சும்மா இருந்தாளா? நம் பகுதியில் சங்கத்தின் கையில் இருக்கிற மைதானத்தில், சாக்கடை ஓரத்து மூலையில், ஒரு கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகப் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தாள். மீன்காரர் மகள், வீட்டு வேலைக்குப் போகிறவர் மகள், அதோ நிற்கிறாளே அஸ்மத்துன்னிசா, தையல்காரர் மகள், எல்லாரும் வந்தார்கள். மழை பெய்தால் கடல் மணலில். ஒரு நாள் விடாமல்.

இந்த வருஷம் மைதானத்துக்குப் பூட்டு வந்தது. ஏதோ பெரிய பயிற்சிக் கம்பெனிக்குக் காலை நேரம் முழுவதையும் கொடுக்கப்போகிறார்களாம். எங்கள் பிள்ளைகள் பதினொரு மணி வெயிலில் வரலாமாம். பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்க மாட்டார்களா? எல்லாரும் என்னை மாதிரி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட வேண்டுமா?

நோராவுக்கு அப்போதே உடம்பில் நோய் இருந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் பாதி நாள், வீட்டில் பாதி நாள். நான் போய்க் கேட்கிறேன் என்றேன். விடவில்லை. "நீ போனா சண்டை போடுவ. நான் கேப்டன், நானே கேக்கறேன்" என்று தலையில் துணி கட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நான் எண்ணெயை இறக்கிவிட்டுக் கேட்டேன்.

"இன்னா சொன்னாரு?"

"பாத்தாரு."

"பாத்தாரா? அப்பால?"

"டீ குடுத்தாரு. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"டீ என் கடைல கீது. மைதானம் இன்னா ஆச்சு?"

தலைத் துணியை இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள். "நான் எதுக்கு வந்தேன்னு அவருக்குத் தெரியாதா முத்து?"

மகேஷ் சார், நீங்கள் நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் எனக்குப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். அவளை உட்கார வைத்தீர்கள், டீ கொடுத்தீர்கள், வாசல் வரை வந்து வழியனுப்பினீர்கள். அவள் எதற்காக வந்தாள் என்று உங்களுக்குத் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. நீங்களும் கை தூக்கவில்லை. சட்டப்படி உங்கள் மேல் தப்பே இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "நான் போனப்புறம் அவங்ககிட்ட போய் சண்டை போடாத முத்து." சரிடி, போட மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். இந்த மேடையிலும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். யாராவது நான் குரலை உயர்த்திப் பார்த்தீர்களா? அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சற்று முன் செயலாளர் எழுந்து, மைதானத்துக்கு ஒரு நுழைவு வளைவு கட்டி அதற்குக் கேப்டன் நோரா பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். எல்லாரும் கை தட்டினீர்கள். பின்னால் நிற்கிற பிள்ளைகளும் தட்டினார்கள். பாவம், அந்த வளைவுக்கு வெளியே நிற்கப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலுக்கு அவள் பெயர், கதவுக்கு உங்கள் பூட்டு. இதற்கு அந்த விமான நிலையத்து மாப்பிள்ளை மாலையே மேல். அது எங்களுக்கென்று யாரும் சொல்லவில்லை.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் உறுதி சொன்னீர்கள். எங்கே தொடர்வது? ரோட்டிலா? பேருந்து நிறுத்தத்திலா? உறுதி என்னிடமும் இருக்கிறது. அவள் வலை என் வீட்டில் இருக்கிறது, கிழிந்த இடத்தைத் தைத்தாயிற்று. பந்து போட அவள் இல்லை, அதை என்னால் செய்ய முடியாது. இந்த வயதில் அவளை மாதிரி பந்து போட்டால் தோள் கழன்று கடற்கரையில் போய் விழும். பிள்ளைகளுக்குப் பிடிக்கச் சொல்லித்தருவேன். பிடிக்கவும், கேட்கவும்.

கம்பெனியோடு கையெழுத்து திங்கட்கிழமை என்று கேள்விப்பட்டேன். அடுத்த பந்துக்கு ஓடி வரத் தயாராகிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குள் கேட்டாக வேண்டும். அன்றைக்கு அந்தக் குளிர் தேசத்தில் நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன், கணக்கில் சேரவில்லை. இன்றைக்கு நீங்களே கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, கையில் மைக்கும் கொடுத்திருக்கிறீர்கள். கோட்டுக்கு உள்ளே நிற்கிறேன்.

செயலாளர் அவர்களே, காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மைதானம் இந்தப் பெண் பிள்ளைகளுக்கு வேண்டும். சாக்கடை மூலை இல்லை, நடு ஆடுகளம். வளைவு கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. உண்டென்றால் கையைத் தூக்குங்கள். இல்லையென்றால் தலையை ஆட்டுங்கள், சண்டை போடாமல் இறங்கிப் போய்விடுகிறேன், சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று. எனக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

கேப்டன் போட வேண்டிய பந்தையெல்லாம் போட்டுவிட்டாள். ஒப்பந்தப்படி கேட்க வேண்டியவள் நான். பிள்ளைகளா, முட்டி தேய்ந்த கிழவி தனியாகக் கத்தினால் நன்றாக இருக்காது. எல்லாரும் கையைத் தூக்கி, என்னோடு சேர்ந்து, நோரா காதில் விழுகிற மாதிரி.

ஹவுஸ் தட், மகேஷ் சார்?