எடைக்கு வராதது

இல்ல சார், தண்ணி வாணாம். நீங்க எல்லாம் சரியாத்தான் பாத்திருப்பீங்க, நான் குத்தம் சொல்ல வரல. பாஸ் பண்ணிட்டேன்னு சொல்றீங்கள்ல, அந்தப் பாஸ திருப்பி வாங்க முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க. நாப்பத்தொண்ணாம் நம்பரு. வெள்ளை எஸ்டீம் காரு. ஓட்டறவன் கதிரவன்னு பேரு. நான் அவன் அம்மா, சந்திரலேகா. சிதம்பரத்துலேருந்து பஸ் புடிச்சு வரேன். கேட்டுல இருந்தவரு உள்ள உடமாட்டேன்னாரு, வண்டி செக் பண்ற சார ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்னு அவருகிட்ட கெஞ்சிகிட்டுதான் வந்தேன்.

உக்காரல சார். உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. மைக்குல இப்ப என்னா நம்பரு கூப்ட்டாங்க? முப்பதா. ரெண்டு ரெண்டு வண்டியாத்தான உடறீங்க? சரி, இருக்குது. இன்னும் நேரம் இருக்குது.

அவன கூப்புடட்டுமான்னா கேக்குறீங்க? ஐயோ வாணாம். நான் வந்ததே அவனுக்குத் தெரியக் கூடாது. நீங்களா ஏதோ ஒரு கொறை கண்டுபுடிச்ச மாதிரி, இன்னிக்கு உன் வண்டி ஓடக் கூடாதுப்பா, எடுத்துகிட்டு ஊட்டுக்குப் போன்னு சொல்லிடுங்க. கோவப்படுவான், கத்துவான், அது உங்க மேல இருக்கட்டும். நீங்க மெட்ராஸ்காரரு, நாளைக்குப் போயிடுவீங்க. நான் அவனோட குடியிருக்கணும்.

சரி, கொறை நானே சொல்றேன். ஆரன் பாத்தீங்களா? ஒரு மாசத்துக்கு முன்னாடி அது அடிக்காம கெடந்துச்சு. அடிக்குதா. வைப்பரு? அதையுமா பாத்தீங்க. ஓடறது கால் மைலு, வெயிலு இந்தக் காயி காயுது, இதுக்கு வைப்பரு எதுக்கு சார்? ஆமா, ரோட்டுல ஓடற வண்டியா இருக்கணும், அதான உங்க சட்டம். தெரியும் தெரியும், மூணு மாசமா எங்க ஊட்டுல சோத்துக்கு முன்னாடி இந்தப் பேச்சுதான். லைட்டு எரியணும், நம்பர் பிளேட்டு இருக்கணும், புகை சர்ட்டிபிகேட்டு, இன்சூரன்சு. லாரியில ஏத்திகிட்டு வரக் கூடாது, தன் சக்கரத்துல தானே ஓடி வரணும். விடிகாலம் நாந்தான் வாசல்ல நின்னு அனுப்பி வச்சேன். நம்ம புள்ள வண்டி எல்லாம் சரியா இருக்குதுன்னு எனக்கும் ஒரு பெருமைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

பெத்தவுங்க சம்மதம் வேணாமா சார்? இருவத்தாறு ஆவுதுன்னா வேணாமா. அவுங்க அப்பா சம்மதம் கூடவா வேணாம்? சடையப்பன்னு கேட்டுப் பாருங்க, சிதம்பரத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாவு மில்லு. அவருக்கு இன்னிக்கு ரேசுன்னே தெரியாது. வண்டிய கடலூருக்கு பெயிண்டு அடிக்க எடுத்துகிட்டுப் போறான்னு சொல்லி வச்சிருக்கேன்.

நான் ஒண்ணும் எப்பவும் தடுக்கற அம்மா இல்ல சார். நெனச்சுகிட்டு இருக்கீங்க, மூஞ்சில தெரியுது. இந்த வண்டி உருவானதே என்னாலதான். பைபாஸ் ரோடு போட்ட நாள்லேருந்து இந்தப் பசங்களுக்குத் தூக்கம் இல்ல. ராத்திரியில அங்க போயி எவன் வண்டி முன்ன போவுதுன்னு பந்தயம். ரெண்டு தடவ ஸ்டேஷனுக்குப் போயி இட்டுகிட்டு வந்தேன். டேவிட் ராஜ்னு கடலூரு ஓல்டு டவுன்ல ஒரு பையன், மெக்கானிக், அவந்தான் சொன்னான், அம்மா, ரேசே முறையா நடத்தறாங்க, ஆம்புலன்சு நிக்கும், ஹெல்மெட்டு பெல்ட்டு இல்லாம உடமாட்டாங்க, ரோட்டுல ஓட்டறதுக்கு இது எவ்வளவோ மேலுன்னான். நானும் யோசிச்சுப் பாத்தேன். எவன் புள்ள மேலயாவது ஏத்திட்டு நிக்கறதுக்கு, சரி, முறையாவே செஞ்சுக்கோன்னு சொன்னேன்.

மைக்கு. என்னா சொன்னாங்க? முப்பத்திரெண்டு முப்பத்திமூணு. சரி.

மஞ்சக்குப்பத்துல ஒரு டாக்டர் ஊட்டுல ஓடாம நின்ன வண்டி அது. மில்லுக்குப் பின்னாடி கொட்டாயிலதான் வேலை. என்னென்னமோ பண்ணானுங்க. மொதல்ல உள்ள இருக்கறது எல்லாத்தையும் கழட்டுனானுங்க. பின் சீட்டு இப்ப எங்க இருக்குது தெரியுமா, எங்க மில்லுல. அரைக்க வர்றவுங்க அதுலதான் உக்காந்திருக்காங்க. ஒரு ஆயா வாராவாரம் கேக்குது, ஏண்டியம்மா, காரு வாங்கறதுக்கு முன்னாடியே சீட்டு வாங்கிட்டீங்களான்னு.

எல்லாம் எடை சார். எடை, எடை, எடை. கழட்டுன ஒவ்வொரு சாமானையும் கொண்டாந்து மில்லு தராசுல வைப்பான். அரிசிய எறக்கி வச்சுட்டு காரு கதவு. ஸ்டெப்னி இவ்ளோ, தரை விரிப்பு இவ்ளோன்னு சொல்லிச் சொல்லி சந்தோசப்படுவான். எடை கொறைஞ்சா வேகம் ஏறுமாம். அவனே சாப்பாட்டக் கொறைச்சுட்டான் சார், தோசை சுட்டு வச்சா ரெண்டோட எழுந்திரிக்கிறான்.

வண்டிக்குள்ள ஒரு புள்ளையாரு ஒட்டி வச்சேன். சின்னதுதான், பித்தளை. சாயங்காலம் பாத்தா தராசுல உக்காந்திருக்காரு. எரநூறு கிராம்மாங்கறான். சாமியைப் போயி எடை போடறான். போவட்டும்னு உட்டேன். அப்பறம் முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்துக் கட்டுனேன். அதையும் அறுத்துப் போட்டுட்டு, இனிமே என் வண்டியில கை வச்சன்னா நான் ஓசூருக்கே திரும்பிப் போயிடுவேன்னான்.

அது வேற ஒண்ணுமில்ல சார். போன வருசம் அவன் பைக்க நான் வித்துட்டேன். பைபாஸ்ல ஒரு பையன் போயிச் சேந்துட்டான், இவன் கூட்டாளிதான், அந்தப் பயத்துல இவன் இல்லாதப்ப ஆளக் கூப்ட்டுக் குடுத்துட்டேன். வந்து பாத்தான். பையைத் தூக்கிகிட்டு ஓசூருக்குப் போயிட்டான். பொங்கலுக்கும் வரல. ஃபோன் அடிச்சா எடுத்து கம்முனு வச்சிகிட்டிருப்பான், மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். நானே பேசிட்டு நானே வைப்பேன். இந்தக் காரு வேலைக்காகத்தான் திரும்பி வந்தான். எனக்கு இருக்கறது ஒண்ணுதான் சார். இன்னொரு தடவ போனான்னா வரமாட்டான்.

அதான் சொல்றேன், நான் வந்தது தெரியக் கூடாதுன்னு. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் ஓட்டாம பண்ணிடுங்க. அடுத்த தடவ நானே ஆரத்தி எடுத்து அனுப்பி வக்கிறேன். சத்தியமா. ஏன் இன்னிக்கு மட்டும்னா... இன்னிக்கு நாள் நல்லாயில்ல. அவனுக்கு சந்திராஷ்டமம்.

சிரிக்காதீங்க தம்பி. உங்க ஊட்டுலயும் பாப்பாங்க.

இந்த ரோடு முடியிற எடத்துல மண்ணு மூட்டை அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுக்கு அந்தாண்ட என்னா? சவுக்குத் தோப்பா. வரும்போதே பாத்தேன். மூட்டை ரெண்டு வரிசைதான் இருக்குது. மூடிக் கெடக்கற கம்பெனி ரோடுன்னு பேரு, ஆனா அவ்ளோ நீளம் இருக்கற மாதிரி தெரியலியே. வண்டி நிக்கறதுக்கு எடம் போதுமா? பிரேக்கு புடிச்சா போதும். சரி. பிரேக்கு புடிச்சாலும் இஞ்சினு இழுத்துகிட்டே இருந்தா? இல்ல, சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா.

அந்தச் சத்தம் எந்த வண்டி? அவனுது இல்ல. அவனுது எனக்குத் தெரியும். மில்லுல இருவது வருசமா நிக்கிறேன், மோட்டாரு சத்தம் மாறுனா தூக்கத்துலகூட எழுந்திரிப்பேன். எத்தினியாவது நம்பரு இப்ப? முப்பத்தேழா? அதுக்குள்ளயா? நடுவுல ரெண்டு வண்டி வரலியா. ஏன் வரல? சரி சரி, என்னமோ.

தம்பி, கொஞ்சம் கேளுங்க. நான் எட்டாவதோட நின்னவ. எங்க ஊட்டுல யாரும் எனக்கு ஒண்ணு வெளக்கிச் சொல்ல மாட்டாங்க, உனக்கு எதுக்கும்பாங்க. அந்த எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்ட மறுநாளு, நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்னு, அவனே என்ன கொட்டாய்க்கு இட்டுகிட்டுப் போனான். பானட்டத் தொறந்து ஒவ்வொண்ணா காட்டுனான். இது தண்ணி போறது, இது பெட்ரோலு வர்றது. இந்தா பாரும்மா, இந்த ஒயரு. உள்ள நான் ஆக்சிலேட்டர மிதிச்சா இது இழுக்கும், இது இழுத்தாதான் இஞ்சினுக்கு சேதி போவும். காலு எடுத்தா இது திரும்பிப் போவும், வண்டி அடங்கும். மொத்த வண்டிக்கும் உசுரு இதுலதான்மான்னான். மெல்லிசா இருந்துச்சு, நம்ம துணி காயப் போடற கம்பி அளவுகூட இல்ல. நானே உள்ள உக்காந்து மிதிச்சுகூடப் பாத்தேன். அவன் முன்னாடி நின்னு, பாத்தியா பாத்தியாங்கறான். சின்னப் புள்ளையில பேசுன மாதிரி பேசுனான் சார் அன்னிக்கு.

இல்ல, சுத்தி வளைக்கல. நீங்க எழுந்திரிக்காதீங்க. வேற வேலை இருக்குதுன்னா இத முடிச்சுட்டுப் போங்க.

காலையில ஃபோன் பண்ணான். ஒருத்தவுங்க புழுங்கலரிசி மில்லுல பாதி ஓடிகிட்டிருக்குது, சத்தத்துல சரியா கேக்கல, வெளிய வந்து பேசுனேன். ட்ரையல் உட்டாங்கம்மா, சூப்பரா போச்சுன்னான். சிரிச்சிகிட்டேதான் சொன்னான். அதுக்கு அப்பறம் சொன்னதக் கேட்டுட்டு நான் மில்ல நிறுத்தல, அவருகிட்ட சொல்லல, அப்புடியே ஓடியாந்து பஸ் ஏறுனேன். புதுச்சத்திரத்துல ஆளு ஏத்தறான் எறக்கறான், எனக்கு உசுரு போவுது. ஃபோனு அடிச்சுகிட்டே வந்தேன், எடுக்கல. ஹெல்மெட்டு போட்டுகிட்டா ஃபோனு எங்க கேக்கும்.

என்னா சொன்னானா.

முப்பத்தெட்டு முப்பத்தொம்பதா. அடுத்தது அவனா?

தம்பி, ட்ரையல்ல ஃபுல்லா அழுத்துனானாம். ஊட்டுலேருந்து ஓட்டிகிட்டு வரும்போதெல்லாம் ஒண்ணுமில்ல, ரோட்டுல யாரு ஃபுல்லா அழுத்தறாங்க. இங்க வந்து மொத தடவ அடி வரைக்கும் அழுத்துனானாம். காலு எடுத்த பின்னாடியும் வண்டி அடங்கலியாம். சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிதான் நிறுத்துனேன்மான்னு சொல்லிச் சிரிக்கிறான். டேவிட் ராஜ் அதுல ஆயிலு உட்டானாம், சும்மா மிதிச்சுப் பாத்தா நல்லா போயி வருதாம், சரியாப் போச்சுன்னான். உங்ககிட்ட சொன்னா ஓட்ட உடமாட்டீங்கன்னு சொல்லாம இருந்திருப்பானுங்க.

சொல்லுங்க, மைக்குல சொல்லுங்க. நாப்பத்தொண்ண நிறுத்தச் சொல்லுங்க. கொடி காட்டுங்க. ஆங். நிறுத்திட்டாங்களா? திரும்பறானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியா தெரியல. வெள்ளை வண்டி. திரும்பறான். சரி. திரும்பட்டும்.

இப்ப பானட்டத் தொறப்பீங்க இல்ல. அதுக்குதான் இவ்வளவு நேரம் பயந்தேன். ஒரு நிமிஷம் இருங்க. ஆயிலு உட்டுட்டு மறுபடியும் மூடிடாதீங்க. எங்க மில்லுல சாக்கு நூலு ஒரு தும்பு பெல்ட்டுல மாட்டுனா போதும், அம்மாம் பெரிய மோட்டாரு மொனவிகிட்டு நிக்கும். அந்த ஆக்சிலேட்டர் ஒயருக்கு அடிப்பக்கமா கைய உட்டுப் பாருங்க. கறுப்புக் கயிறு ஒண்ணு இருக்கும். தில்லைக்காளி கால்ல வச்சு வாங்குனது. முந்தாநாளு டீ குடுக்கப் போனப்ப நாந்தான் கட்டுனேன். அவன் கண்ணுல படக் கூடாதுன்னு அடியில கட்டுனேன். அவுந்துடக் கூடாதுன்னு முடிச்சு மேல முடிச்சு போட்டேன், பல்லால கடிச்சு இறுக்குனேன். கத்தி எடுத்துகிட்டுப் போங்க, கையால வராது.

இல்ல, அவன தள்ளி நிக்கச் சொல்ல வாணாம். இருக்கட்டும். அவனும் பாக்கட்டும்.

எடையெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லுங்க தம்பி. கட்டறதுக்கு முன்னாடி மில்லு தராசுல வச்சுப் பாத்துட்டுதான் கட்டுனேன். சைபருதான் காட்டுச்சு.