கருப்பட்டி போட்ட பழரொட்டி

பழம் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும் அக்கா. தோலில் புள்ளி விழுந்தால் போதும் என்பார்கள், போதாது. பேட்டைச் சந்தைக்கு ஏறாமல் குடோனில் தங்கி, காம்பு தானாகக் கழன்று, கையில் எடுத்தால் குழைந்து வழிகிற கற்பூரவள்ளி. உங்கள் வீட்டில் அதை மாட்டுக்குத்தான் போடுவார்கள். நான் மாட்டுத் தொட்டியிலிருந்துதான் எடுப்பேன்.

உங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த இடத்தில், அவர் கடைசிவரை விரும்பித் தின்ற பண்டம் எது, எப்படிச் செய்வது என்று கேட்டீர்கள். உங்களுக்கும் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது, கருப்பட்டி போட்டதென்றால் சென்னையில் நீங்களும் செய்து சாப்பிடலாம் என்றீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

கோதுமை மாவு, கொஞ்சம் சோடா உப்பு, நல்லெண்ணெய், சுக்கு. உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ள வேண்டும், மண் கிடக்கும். எல்லாவற்றையும் பிசைந்த பழத்தோடு கலக்கி ஏனத்தில் ஊற்றி, குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பரும் வெயிட்டும் போடாமல் மூடிவிட்டால் வெந்துவிடும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஓவன் இருந்தது. அங்கேதான் படித்தேன், ஊட்டச்சத்தும் உணவியலும். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எங்கும் ஆள் தேவைப்படவில்லை.

உங்கள் அப்பாவுக்குத் தேவைப்பட்டது. "ஏளா முப்பிடாதி, சுகர்காரனுக்கு என்ன பொங்கணும்னு படிச்சவளாம்லா நீ? எங்கம்மா கூட எனக்கு இட்லிய எண்ணி வச்சதில்ல, நீ வை பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே அடுக்களைச் சாவியைக் கொடுத்தார். என் படிப்பை முதன்முதலாக நம்பிய மனிதர் குமரகுருபரன் முதலாளிதான். இதை நான் மறுக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, என் அம்மா இசக்கித்தாய் ஸ்ரீவைகுண்டத்தில் உங்கள் தோட்டத்துத் தார்களைச் சுமந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மழை ஈரத்தில் பலகை வழுக்கித் தாரோடு விழுந்தாள். இடுப்பு முறிந்தது. பக்கத்திலேயே உங்கள் அப்பாவின் கார் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். அம்மாவின் சேலையெல்லாம் வாழைக்கறை. உங்கள் அப்பா பார்த்தார். "சீட்டுல பட்டா போவாதுலே. லோடு ஆட்டோவ வரச் சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பைய, யோசித்துத்தான் சொன்னார் என்று டிரைவர் பிறகு என்னிடம் சொன்னான். அவர் சொன்னதும் உண்மைதான், வாழைக்கறை போகாது. ஆட்டோ வந்த பிறகு, தார்களுக்கு நடுவே படுக்கவைத்து, குண்டு குழியெல்லாம் குலுங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் அம்மா நேராக நடக்கவே இல்லை.

பழரொட்டியை நான் அவரிடம் கொண்டுபோய் நீட்டியதில்லை. எனக்காகச் செய்து, அடுப்பங்கரையில் ஆற வைத்திருந்தேன். வாசம் பிடித்து அவராகத்தான் வந்தார். "சீனியா போட்டிருக்க?" என்றார். "இல்ல மொதலாளி, கருப்பட்டி" என்றேன். "கருப்பட்டின்னா ஒண்ணும் செய்யாதுல்லா?"

நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து. உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் பரீட்சையில் கேள்வியே வந்தது, சரியாக எழுதினேன். கறுத்த பழம் அதற்கு மேலே. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. துண்டு போட்டுத் தட்டில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதைத் தினமும் செய்தேன்.

பெருவிரலில் புண் வந்தபோது டாக்டர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். "சீனி எங்க வீட்டு நடையே ஏறாது சார். நம்ம புள்ள இதுக்குன்னே படிச்சவ" என்று உங்கள் அப்பா என்னைக் காட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். "வெள்ளைச் சீனி தொடுறதே இல்ல சார்" என்றேன். பொய் இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வீட்டுக்கு வந்ததும் நான் கருப்பட்டியைக் கூட்டினேன். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால்வரை. அப்புறம் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. மீதி உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன பண்டம் செய்தாலும் வேலையாள் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். அதை வேண்டாம் என்பது மரியாதைக் குறைவு. உங்கள் அப்பாவே இலையில் சுற்றித் தருவார். "இசக்கிக்கும் சுகர் இருக்குல்லா, பாவம், இதத்தான் அவளும் திங்கலாம். கொண்டு போ." எப்போதும் இரண்டு துண்டு, நடுத் துண்டாகப் பார்த்து.

ஒருநாள் அம்மாவிடம், இதைச் சாப்பிடாதே என்றேன். "மொதலாளி வீட்டுப் பண்டத்தயா வேண்டாம்ங்க? ஒனக்குப் படிப்பு ஏறுனதோட கொழுப்பும் ஏறிட்டுட்டி" என்று பிடுங்கிக்கொண்டாள். ஏன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே காலை இழுத்துக்கொண்டு வந்து உங்கள் வாசலில் நின்று, "மொதலாளி, அதத் திங்காதீய" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை அக்கா. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. அதனால் சொல்லவில்லை.

நீங்கள் செய்து சாப்பிட வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். உங்கள் மேல் எனக்கு ஒன்றும் கிடையாது, சம்பந்தமில்லாத ஆளுக்குக் கெடுதல் செய்கிறவள் இல்லை நான். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். கருப்பட்டி கொடுத்தாள் என்று எழுதிக்கொள்வார்களா தெரியவில்லை.

அடுப்பில் இப்போது வேகிறது அம்மாவுக்கு. அவள் குதிகாலிலும் புண் கறுத்துவிட்டது, வருகிற வாரம் பெரியாஸ்பத்திரியில் காலை எடுக்கிறார்கள். "மொதலாளி நெனவா ஒரு துண்டு செஞ்சு தாட்டி" என்று காலையில் கேட்டாள். எடுக்கப்போகிற கால்தானே, இனி அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆறியதும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எல்லாமே அவளுக்காகத்தான் அக்கா செய்தேன்.