உப்புக் குழாய்

மிரான்: மெதுவா, தம்பி. இப்படிச் சாய்ச்சா தண்ணியோட, புரதம் பிடிக்கிற ரெசின் மணியும் சேர்ந்து வந்துடும்.

மான்சு: அண்ணி, இந்த லேபுக்கு நான் தலைவன்.

மிரான்: தலைவர்தான்... அதான் கை இவ்வளவு பறக்குது.

மான்சு: கண்ணாடி கழுவுற அறையில உங்களுக்கு வேலையே இல்லையா?

மிரான்: கழுவி அடுக்கிட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரர் இந்த லேபுல அளந்தது தப்புன்னு சொல்லிட்டீங்க. அவரு போய்ப் பதினோரு மாசம். வந்து பதில் சொல்ல முடியுமா? அதான் நான் நிக்கிறேன்.

மான்சு: தப்புன்னு சொல்லல... ஒரு மில்லி ரெசின் அறுபத்தோரு மில்லிகிராம் புரதம் பிடிக்கும்னு இன்சோப் அண்ணன் பதிஞ்சிருக்காரு. நாங்க மூணு பேர் அளந்தோம். மூணு பேருக்கும் அறுபத்தேழு.

மிரான்: மூணு பேர்ல எத்தனை பேர் உப்புக் குழாய் வச்சீங்க?

மான்சு: யாரும் வைக்கல. அது அண்ணனோட பிடிவாதம். "உப்பண்ணன்"னே கூப்பிடுவோம்.

மிரான்: ரெசின் ஈரத்தோடதான் குழாய்க்குள்ள போகுது. அந்த ஈரம் புரதத் தண்ணிய நீர்க்க வச்சிடும். நீங்க மேல நிக்கிற தண்ணியில எவ்வளவு புரதம்னு அளந்துட்டு, குறைஞ்சதெல்லாம் ரெசின் பிடிச்சதுன்னு எழுதிட்டீங்க. உப்பு நிறையப் போட்ட குழாயில ரெசின் எதையும் பிடிக்காது. அங்கயும் குறைஞ்சா அது ஈரத்தோட வேலை. அதை வச்சுக் கணக்கைத் திருத்தணும்.

மான்சு: இதெல்லாம் அண்ணன் வீட்டுல பேசுவாரா?

மிரான்: வேற என்ன பேசுவாரு அந்த மனுஷன்? கிம்ச்சி ஊறுகா ஜாடியைக்கூடச் சாய்ச்சு வச்சு, தண்ணி எவ்வளவுன்னு பார்ப்பாரு.

மான்சு: சரி... நீங்க கேட்டபடி நேத்தே உப்புக் குழாயும் வச்சாச்சு. இப்ப புரதம் அளக்குற மிஷின்ல போகப்போறது அதான். சாயந்திரம் ரெசினோட விவரத்தாள் அச்சுக்குப் போகுது. வர்ற எண்ணுதான் அதுல.

மிரான்: எது வந்தாலும்?

மான்சு: எது வந்தாலும். அறுபத்தேழுன்னா நம்ம ரெசினை விக்கிறவங்க துள்ளுவாங்க.

மிரான்: வாங்குறவன் துள்ள மாட்டான். அதை நம்பி மருந்துப் புரதத்தை ரெசின்ல ஏத்துவான். பிடிபடாத மருந்தெல்லாம் வழிஞ்சு சாக்கடைக்குப் போகும். எங்க வீட்டுக்காரர் பேரும் கூடவே.

மான்சு: இருங்க... குறைஞ்சிருக்கு, அண்ணி. உப்புக் குழாய்லயும் குறைஞ்சிருக்கு!

மிரான்: கணக்குப் போடுங்க.

மான்சு: போடுறேன், போடுறேன்... அறுபத்தொண்ணு. புள்ளி...

மிரான்: புள்ளிய விடுங்க. சத்தமாச் சொல்லுங்க. கடைசி மேசைக்கும் கேக்கட்டும்.

மான்சு: அறுபத்தொண்ணு! போதுமா?

மிரான்: இன்னொரு தடவை.

மான்சு: அண்ணி!

மிரான்: சரி, போதும். அடுத்த மாசம் திதிக்குச் சாப்பாடும் சோஜுச் சாராயமும் படைக்கும்போது, அந்தத் தாளையும் மேசையில வைப்பேன்.

மான்சு: ...ஒண்ணு சொல்லணும். போன வாரமே தனியா உப்புக் குழாய் வச்சுப் பார்த்துட்டேன். அப்பவும் அறுபத்தொண்ணுதான்.

மிரான்: அப்ப இந்த ஒரு வாரமா...?

மான்சு: அதைச் சொன்னா மத்ததையும் சொல்லணுமே. "அவருக்குக் கை நடுங்குது, அவரு அளவை நம்பாதீங்க"ன்னு கூட்டத்துல எழுந்து சொன்னது... நான்தான். மன்னிச்சிடுங்க, அண்ணி. அந்தக் கையில ஒரு நடுக்கமும் இல்ல. தாள்லயே போடுறேன், அளந்தது யூன் இன்சோப்னு.

மிரான்: போடுங்க, அந்தப் பேருதான் இருக்கணும். ஆனா நீங்க சொன்னது பொய் இல்ல, தம்பி. கடைசி ஆறு மாசம் அவரால டீக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியல. நீங்கல்லாம் சாப்பிடப் போன நேரத்துல அவரு நாற்காலியில உக்காந்து சொல்லச் சொல்ல... ஒவ்வொரு குழாயையும் ஊத்தி, சாய்ச்சு, அளந்தது நான்.