தோளைத் தொட்டேன்

உங்கள் ஜீப்பின் பெல்ட் தளர்ந்திருக்கிறது ஐயா. காலையில் நான் வாசலில் காத்திருந்தபோது ஒரு காவலர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கிளம்பும்போது கிரீச்சென்று இழுத்தது, கொஞ்சம் வேகம் பிடித்ததும் அடங்கிவிட்டது. ஆபத்து ஒன்றும் இல்லை. மழை தொடங்குவதற்குள் பார்த்துவிடுங்கள், நனைந்தால் இன்னும் கத்தும்.

என் காதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே என் கணவர் பார்ஜோ, அவருக்குக் காது கேட்காது. காதோரம் கத்தினால்தான் கொஞ்சம் எட்டும். கல் உடைக்கும் குவாரியில் லாரிகளுக்கு ரிப்பேர் பார்த்தே செவி போய்விட்டது. காலையிலிருந்து நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவர் தலையாட்டியிருப்பார். வீட்டிலும் அப்படித்தான், "சோறு போடட்டுமா?" என்றாலும் தலையாட்டுவார், "வீட்டுக்கு நெருப்பு வைக்கட்டுமா?" என்றாலும் தலையாட்டுவார். அவர் சொன்ன ஆமாம்களை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

சிந்தோரோ மலைச் சரிவில், சாலை திரும்பும் இடத்தில் எங்கள் பட்டறை. வண்டியை அவர் ஓட்டுவார். நான் ஓரத்தில் நின்று, அது கிளம்பும் நேரத்தில் காது கொடுப்பேன். அங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் அவருக்கு எட்டாது. அதனால் என் உடம்பைத் தொட்டுக் காட்டுவேன். வயிற்றைத் தொட்டால் சைலன்சர். கழுத்தைத் தொட்டால் கிளட்ச். தோள் என்றால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர், மவுண்ட் என்பார்களே அது. முழங்கால் என்றால் முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட். சத்தமே இல்லையென்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். "பார்ஜோ பட்டறையில பொஞ்சாதி டான்ஸ் ஆடுவா, புருஷன் நட்டு முடுக்குவான்" என்று உருளைக்கிழங்கு லாரிக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த வாரமும் எங்களிடம்தான் வருவார்கள். பதினாறு வருஷத்தில் நான் தப்பாகத் தொட்டதில்லை.

மவுண்ட் போனாலும் பால் ஜாயிண்ட் போனாலும் கிளம்பும்போது டொக்கென்றுதான் கேட்கும். பழகாத காதுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் மவுண்ட் மந்தமாக இடிக்கும், மெத்தையில் தேங்காய் விழுந்த மாதிரி. பால் ஜாயிண்ட் எலும்பு எலும்பில் இடிக்கிற மாதிரி.

பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கினாந்தி என் தங்கை தூத்திக் பெற்ற பெண். எனக்குக் குழந்தை தங்கவில்லை. ஒரு பிள்ளையை வாங்கி வளர்த்தால் அது தம்பியோ தங்கையோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தூண்டில் பிள்ளை என்போம். நாற்பதாவது நாள் தூத்திக்தான் அவளை என் மடியில் போட்டாள். "உன் வயிறு திறக்கட்டும்க்கா, நீயே வச்சுக்கோ" என்றாள். அவளும் புருஷன் யோயோக்கும் தூரத்துப் பெக்காசி நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார்கள். குழந்தையை வைத்துக்கொள்ள அவர்களுக்கும் வழி இல்லை. என் வயிறு திறக்கவில்லை. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. ஆறு வருஷம் கினாந்தி என் முதுகிலும் இடுப்பிலும் பட்டறையிலும் வளர்ந்தாள். சத்தம் கேட்டு உடம்பைத் தொடுவதை என்னைவிட அழகாகச் செய்வாள்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வந்தார்கள். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார்கள். முற்றத்தில் ஏறும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. முன்பக்கம், இடது சக்கரம், எலும்பு எலும்பில்.

தூத்திக் இறங்கி முதலில் எடுத்தது ஒரு சிவப்புப் பள்ளிக்கூடப் பை.

"யாருக்கு?" என்றேன்.

"யாருக்கா? உன் எஜமானிக்குத்தான். அங்கயே பள்ளிக்கூடத்துல இடம் வாங்கியாச்சுக்கா. இந்தத் தடவை கூட்டிட்டுப் போயிடறோம். எத்தனை நாளைக்கு உனக்குப் பாரமா விட்டு வைக்கிறது?"

பாரம் என்றாள். தவறாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவள் எப்போதுமே மரியாதை தெரிந்தவள்.

மறுநாள், நோன்பின் கடைசி நாள், யோயோக் காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தான்.

"அண்ணே, கிளம்பறப்ப மட்டும் டொக்குங்குது. ஓட ஆரம்பிச்சிட்டா ஒண்ணும் இல்ல. பெக்காசி வரைக்கும் தாங்குமா?" என்று என் கணவரின் காதருகே கத்தினான்.

"என்னன்னு தெரியாம என்னத்த சொல்றது? மவுண்டா இருந்தா ஒரு மணி நேர வேலை. நல்ல நிலமையில பழைய ரப்பர் ஒண்ணு கெடக்கு, மாட்டிடலாம். பால் ஜாயிண்டா இருந்தா வண்டிய அசைக்காத. கடையெல்லாம் பூட்டிட்டான், பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் சாமான் கிடைக்கும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"ஒரு வாரமா? நாலாம் நாள் ஷிப்ட்டுக்கு நிக்கணும்ணே."

"அப்ப பஸ் ஏறிப் போங்க."

"பெருநாள் கூட்டத்துல பஸ்ஸா?" என்றாள் தூத்திக். "அத்தானுக்கு என்ன, சொல்லிட்டாரு. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, அவ மூட்டைய தலையில வச்சுக்கிட்டு, பன்னெண்டு மணி நேரம் ஒத்தக் கால்ல நிக்கிறது நான்ல."

"இரு, இரு. உங்கக்கா காது சொல்லட்டும்" என்றார் அவர். காரை எடுத்து முற்றத்தைச் சுற்றி நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார். மூன்று தடவை. மூன்று தடவையும் கேட்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

நான் தோளைத் தொட்டேன்.

நோன்பு வாயோடு நான் பொய் சொல்லவில்லை ஐயா. வாயையே திறக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மவுண்ட் ரப்பரிலும் ஒரு வெடிப்பு இருந்தது. பழைய வண்டிகளில் இருப்பதுதான். அதைப் பார்த்ததும் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருப்பார். நான் சொன்னதால் பார்க்கவில்லை. பின்னால் இன்னும் நான்கு வண்டிகள் காத்திருந்தன, எல்லோருக்கும் பெருநாளுக்கு ஊர் சுற்ற வேண்டும். ரப்பரை மாற்றிவிட்டு மறுபடி கிளப்பிக் காட்டினார். சத்தம் அப்படியே இருந்தது. நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"பாத்தியா? ஒரு மணி நேரம்னேன், முக்கா மணிதான் ஆச்சு" என்று யோயோக்கின் முதுகில் தட்டினார்.

"இன்னும் லேசா கேக்கற மாதிரி இருக்கே அண்ணே" என்று அவன் மறுபடியும் காதருகே கத்தினான்.

"மாத்தின ரப்பர் உக்காந்து படியறதுக்கு ரெண்டு நாளாகும். அவளுக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா?"

மறுநாள் பெருநாள். தொழுகை முடிந்து வந்ததும் சின்னவர்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர்களும் பதிலுக்குக் கேட்பார்கள். அன்றைக்கு யாரும் இல்லையென்று சொல்வதில்லை. தூத்திக் என் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதாள்.

"உள்ள நினைச்சதுக்கும் வெளியில செஞ்சதுக்கும் மன்னிச்சிடுக்கா. உன் கையிலேருந்து பிடுங்கற மாதிரி இருக்கு எனக்கு."

"நீயும் என்ன மன்னிச்சிரு."

"உன்னை மன்னிக்க என்ன இருக்கு? எல்லாம் மன்னிச்சாச்சு, போ."

எல்லாம் என்றாள். என்னென்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னென்ன என்று யாருமே கேட்பதில்லை. இருந்தாலும் மன்னிப்பு மன்னிப்புதான். எனக்கு அன்றைக்கு மனசு லேசாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் ஒன்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் ஜூலையிலதானே? அதுவரைக்கும் இருக்கட்டும். துணிமணி தைச்சு, தலைக்கு எண்ணெய் வச்சு, நானே கொண்டாந்து விடறேன்."

மண்டியிட்டிருப்பவள் எப்படி மறுப்பாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டே சரி என்றாள். "ஜூலைனா ஜூலைதான். அப்புறம் காய்ச்சல், கண்ணு வலின்னு தள்ளிப் போடக்கூடாது. எனக்கும் மடி காலியா இருக்குக்கா."

ஆக, மூன்று மாதம் கிடைத்தது. மூன்று மாதம் கிடைத்த பிறகாவது முழங்காலைத் தொட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு முழு நாள் இருந்தது. யோயோக் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வந்தான். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. நான் அடுப்படியில் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பைச் சுட வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை வாசல் வரை வந்தேன். ஆனால் ஜூலை என்று ஒன்று இருக்கிறது ஐயா. ஜூலையில் ஒருநாள் காலையில் அந்தச் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறுவாள். இரண்டு தடவையும் எனக்கு அதுதான் தெரிந்தது. திரும்பி உள்ளே போய்விட்டேன்.

கிளம்பும் நாள் காலையில் மலைப்பப்பாளி ஊறல் நான்கு புட்டி, வறுத்த சோயா டெம்பே ஒரு டப்பா, எல்லாம் கட்டிக் கொடுத்தேன். எந்தக் குறையும் வைக்கவில்லை. கினாந்தி தானும் காரில் ஏற வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள்.

"கீழ சந்தை வரைக்கும் வரட்டுமேக்கா" என்றாள் தூத்திக். "அத்தான் பின்னாடியே பைக்ல வந்து கூட்டிட்டு வந்துடட்டும். பத்து நிமிஷம். எனக்கும் மடியில வச்ச மாதிரி இருக்கும்."

"வேண்டாம்."

"ஏன்க்கா, தின்னுடுவேனா? நான் பெத்ததுதானே?"

"வேண்டாம்னா வேண்டாம்" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது. சாயங்காலம்வரை அந்தச் சிவப்பு போகவில்லை, எண்ணெய் தடவினேன். கார் கிளம்பியது. டொக். கினாந்தி அழுகையை நிறுத்திவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டாள். அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

பால் ஜாயிண்ட் நேர்ச்சாலையில் கழன்று விழாது. இறக்கத்தில், பிரேக்கை அழுத்தி வண்டியை ஒடிக்கும்போதுதான் போகும். சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். அப்புறம் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இல்லை. சந்தைக்கு முன்னால் தேயிலைத் தோட்ட வளைவு இருக்கிறது, அங்கேயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான். சமையல் பாத்திரங்களைக் கழுவி முடிக்கவில்லை, ஆள் ஓடி வந்து சொன்னான். இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். முழங்காலைத் தொட்டிருந்தால் கார் முற்றத்திலேயே நின்றிருக்கும், அவர்களும் பிள்ளையை விட்டுவிட்டோ கூட்டிக்கொண்டோ பஸ்ஸில் போயிருப்பார்கள், உயிரோடு இருந்திருப்பார்கள். தெரியும். அவர்கள் பயணம் தள்ளிப்போவது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர்கள் திரும்பி வரக்கூடாது என்பதுதான் வேண்டியிருந்தது. அதற்கு இதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கெஞ்சினால் மூன்று மாதம்தான் கொடுத்தார்கள்.

நான் இங்கே வந்தது என் கணவருக்காக. இத்தனை மாதம் கழித்து நேற்று ஏதோ காகிதத்துக்காக அவரை உங்கள் வளாகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே அந்தக் காரைப் பார்த்துவிட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"யாத்தி, அன்னிக்கு நீ எங்க தொட்ட?"

தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"உனக்கு அப்படித்தான் கேட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப தப்பு எம்மேலதான். காதுனா ஒருநாள் ஏமாறும். நான் ஜாக்கி போட்டுப் பாத்திருக்கணும்" என்றார். விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார்.

அவர் தப்பு ஒன்றும் இல்லை. என் காதும் ஏமாறவில்லை. இவ்வளவுதான். பெயர் சுல்யாத்தி. எங்கே கைரேகை வைக்க வேண்டுமோ காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது ஐயா. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பைப் பதினொன்றரைக்கு விட்டுவிடுவார்கள். வாசலில் நான் நிற்கவில்லையென்றால் கினாந்தி பயந்துவிடுவாள். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளை, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?