'ம்' என்று மட்டும்தான் சொன்னேன்

இந்த நாற்காலி ஆடுகிறது, சார். பெரிதாக ஒன்றுமில்லை, பின்னங்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. அட்டையை மடித்துக் கீழே கொடுத்தால் அடங்கிவிடும். நான் பிறகு செய்து தருகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குக் கண் சொருகுகிறது. ஆனால் தூக்கம் மட்டும் வருவதில்லை.

முதலில் ஒரு திருத்தம். 'வண்டி நல்ல நிலையில் இருப்பதாக உறுதி கூறினேன்' என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். நான் அப்படி எதுவும் கூறவில்லை. மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், கேட்டார், நான் 'ம்' என்றேன். அவ்வளவுதான். 'ம்' என்பதை உறுதி என்று எழுதுகிறவர் கடைப்பக்கம் போனால் தோலை உரித்து அனுப்புவார்கள்.

எங்கள் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். நானும் தங்கையும் துணி மூட்டைகளின் மேல் புரண்டு வளர்ந்தவர்கள். துணி வாங்க வந்த அம்மாள் ஒரு விலை சொல்வாள், அப்பா 'ம்' என்பார். அவர் படிந்துவிட்டதாக நினைத்து அந்த அம்மாள் பையை விரிப்பாள். "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சும்மா, அதுக்குத்தான் 'ம்'. எனக்குக் கட்டுபடியாகணும்ல?" என்று அப்பா மறுபடி ஆரம்பிப்பார். தங்கை கத்தரிக்கோலை விரித்துப் பிடித்தபடி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். 'சரி' என்ற சொல் வந்தால்தான் கத்தரிக்கோல் துணியில் இறங்கும். வந்துவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. இரட்டை விலையோடு இன்னொருவர் வாசலில் நின்றாலும் கிடையாது. அந்த ஒரு சொல்லில் மட்டும் அப்பா சுத்தமானவர். அளக்கும்போது அவருடைய கட்டைவிரலும் அளவில் சேர்த்தி.

அப்பாவுக்குப் பிறகு நான் கார் பட்டறை போட்டேன். வேகம் கேட்டு வருகிறவர்களின் இன்ஜினைத் திறந்து, கேட்ட வேகத்தை உள்ளே வைத்து மூடித் தரும் வேலை. கை வேலை என்னுடையது, வாய் வேலை தங்கையுடையது. நான் வாயைத் திறந்தால் வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போய்விடுவார். அவள் முன் அறையில் உட்கார்ந்து, "என்ன சார், வண்டியக் கொண்டுவரச் சொன்னா தகர டப்பாவக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க?" என்பாள். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தவன் திரும்பிப் போகமாட்டான் என்பது அவள் கணக்கு. பட்டறைக்கு இன்ஜின் என்று ஒன்று இருந்தால் அது முன் அறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையும் அப்படி வந்து சிரித்தவர்தான். வண்டியைச் சீராக்கக் கொண்டுவந்தார், தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை, சார். அதுதான் எனக்கு அலுப்பு. குடிகாரர், கை நீட்டுகிறவர் என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆறலாம். இவர் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவர். எப்போதும் தப்பான ஸ்பானர்.

கல்யாணத்துக்குப் பிறகும் தங்கை தினமும் முன் அறைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அப்புறம் மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. அங்கே வீடு பார்க்க வேண்டும், மலைப்பாதையில் போக வேண்டும். அதற்கு முன்னால் வண்டிக்கு இன்னும் வேகம் வேண்டும் என்று அதிலிருந்த சூப்பர்சார்ஜருக்கு ஒரு சின்ன புல்லியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி, சார். இன்ஜினே பெல்ட் போட்டு அதைச் சுற்றுகிறது. பெல்ட் ஓடுகிற சக்கரம்தான் புல்லி. அதைச் சின்னதாக மாற்றினால் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும், திணிக்கிற அழுத்தம் ஏறும். அதைத்தான் பூஸ்ட் என்கிறோம். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போலத்தான். வாய்க்குத் தக்கபடி ஊட்டினால் தேறும், அடைத்தால் புரையேறும். காற்று ஏறிய அளவுக்குப் பெட்ரோல் ஏறாவிட்டால் உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் உருகும். ஆகவே புல்லியை மாற்றியதும், மிஞ்சுகிற அழுத்தத்தை வெளியே விட ஒரு வால்வைத் திருகி, அழுத்தம் காட்டுகிற கேஜில் முள்ளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

"மலையேறும்போது முன்னாடி போற லாரியெல்லாம் ஒதுங்கி நிக்கணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"லாரி நிக்காது மாப்பிள்ளை. நீங்கதான் நிப்பீங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் ஜனங்கள் நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அவர் கை கழுவப் போனபோது தங்கை பக்கத்தில் வந்தாள். "அண்ணா, அவருக்குக் கால்ல கனம் ஜாஸ்தி. மிதிச்சா எடுக்கமாட்டார். சத்தமில்லாம அந்தக் காத்த நல்லாக் குறைச்சு வச்சிடு. அவருக்குத் தெரிய வேணாம், மூஞ்சி தொங்கிப்போகும்."

"சத்தமில்லாமத்தானே? வச்சிடலாம்."

அந்த மூச்சிலேயே, "முன் அறைக்கு ஒரு பொண்ணச் சொல்லி வச்சிருக்கேன், நல்லாப் பேசுவா. நீதான் அவகிட்டயாவது கொஞ்சம் சிரிச்சுப் பேசணும்" என்றாள். பழைய மேஜைக்குப் புதுக் கால் போடுவது போல எனக்கு ஆள் போட்டுவிட்டாள். நான் கோபப்படவில்லை. களைப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

சத்தமில்லாமல்தான் வைத்தேன். வால்வை இறுக மூடினேன். கேஜுக்குப் போகிற ரப்பர் குழாயை ஓரிடத்தில் நெருக்கி, அதைத் தாண்டி ஊசியால் ஒரு துளை போட்டேன். உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் முள் பாதியிலேயே களைத்து நின்றுவிடும். இதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கட்டைவிரலையும் சேர்த்து அளக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இதற்கெல்லாம் பள்ளிக்கூடம் எதற்கு? இரண்டு தெரு ஓட்டிக் காட்டினேன். தெருவில் அது தெரியாது, சார். அடுத்த சிக்னல் வருவதற்குள் யாராக இருந்தாலும் காலை எடுத்துவிடுவார்கள். நீளமான ஏற்றத்தில் காலை எடுக்காமல் மிதித்தால்தான் தெரியும். மாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். அடக்கமாக இருந்தது. "என்ன மச்சான், இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கலாம்" என்றார்.

என் கணக்கைச் சொல்கிறேன். முதல் ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிடும். வண்டி லாரி முதுகில் ஏறித் திரும்பி வரும். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க என்னைவிட்டால் ஆளில்லை, நானும் அவசரப்படமாட்டேன். அதற்குள் மலைக்கு அந்தப் பக்கத்து வேலை வேறு யாருக்காவது போய்விடும். தங்கை முன் அறையில் இருப்பாள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதில் என்ன குற்றம் என்று நானே என்னைப் பலமுறை கேட்டுப் பார்த்தேன். நியாயமான பதில்தான் வந்தது.

நீங்கள் மேஜையில் வைத்திருக்கிற அந்தப் படம் எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு வந்த வண்டி. அதுவும் சின்ன புல்லி மாட்டியதுதான். பிஸ்டன் உடைந்து, இன்ஜினின் பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த ஆயில் முழுக்க அடியில் வழிந்து பின் டயர்வரைக்கும் போய் வண்டியை வழுக்கவிட்டிருந்தது. ஆமாம், நான்தான் கழுவினேன். 'நேர் ரோட்டில் நடந்ததால் இங்கே நின்று பேசுகிறீர்கள், வளைவாக இருந்தால் பேச ஆள் இருக்காது' என்று அந்த வண்டிக்காரரிடம் சொன்னதும் நான்தான். அவர் அதை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. என் பேச்சுக்கு அவரும் அன்றைக்குச் சிரித்தார்.

மலைப்பாதையில் வளைவு இருக்கும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். மலைப்பாதையில் வேறு என்ன இருக்கும், சார்?

மாப்பிள்ளை தனியாகப் போவதாகத்தான் பேச்சு. காலையில் வண்டி எடுக்க வந்தபோது தங்கையும் கூட இறங்கினாள். அவள் போட்டிருந்தது எங்கள் கடையின் கடைசித் துணியில் தைத்த சட்டை. "நானும் போறேண்ணா. இவரை நம்பி வீட்டுக்காரன்கிட்ட விட்டா, கேட்ட வாடகைக்குத் தலைய ஆட்டிட்டு வந்துடுவாரு. வீடு பிடிச்சிருந்தா இன்னைக்கே பேசி முடிச்சிடுவேன்" என்றாள்.

அவள் பேசினால் முடித்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். எனக்காக முன் அறையில் உட்கார்ந்து எத்தனையோ பேர் வாயை அடைத்த வாய் அது. இப்போது இன்னொரு வீட்டின் வாசலுக்காகப் பேரம் பேசக் கிளம்பிவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை கேட்டார். "உங்க தங்கச்சியும் வர்றா மச்சான். ஒண்ணும் பயமில்லையே?"

'ம்' என்றேன்.

மாப்பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தூக்கிவைத்தபடி படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மச்சான் 'ம்'னாரே, மச்சான் 'ம்'னாரே" என்கிறாராம். பாவம், அவர் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. 'ம்' என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் அதை வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாது. குழாயில் துளை தேய்ந்து விழுந்தது என்பேன், வால்வு தானே இறுகியது என்பேன். வளைவில் கவிழ்ந்து எரிந்த வண்டியில் எதைக் காட்டுவீர்கள்? பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். போய் என்ன செய்வது? முன் அறையில் அந்தப் புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். உண்மையில் நன்றாகத்தான் பேசுகிறாள்.

ஆகையால் எழுத்தரை இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள். இது யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை பெட்டியைப் பின்னால் வைக்கப் போயிருந்தார். தங்கை வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். அவள் கடையில் வளர்ந்தவள். 'ம்' என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கடையில் செய்ததுபோல, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்துக் கதவின் விளிம்பில் வைத்து, என் வாயையே பார்த்தாள்.

"சொன்னத செஞ்சிட்டியாண்ணா? சரியா?"

"சரி" என்றேன்.

விரலை மூடிக்கொண்டாள்.