பதினோரு மாதக் குரல்

கொல்லிமலைப் பலாவைத் தின்று பழகியவர்களுக்கு வேறு ஊர்ப் பலா தொண்டையில் இறங்காது. விசாரணைக்கென்று இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள்; முதலில் ஆளுக்கு இரண்டு சுளை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேசப் பிடிக்கும். நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன், எழுதுகிற அம்மாதான் பாவம், கை வலிக்கும்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். விறகடுப்புப் புகை மலைமக்களின் தொண்டையை என்ன செய்கிறது என்று ஆராய இந்தச் சோளக்காடு என்ற ஊருக்கு வந்தேன். சந்தைக்கு எதிரே ஓர் அறை, கேமரா வைத்த மெல்லிய குழாய், குரலைப் பதியும் கருவி, அவ்வளவுதான் என் சொத்து. வந்த புதிதில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்ப்பேன் என்றால் யார் வருவார்கள், சொல்லுங்கள்.

முதலில் வந்தவர் ராசு. சந்தையில் பழ ஏலம் கூவுகிறவர். அடேயப்பா, என்ன குரல் அது! அவர் வாயைத் திறந்தால் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். இரண்டு மாதமாகக் கரகரப்பு, எச்சில் விழுங்கினால் வலி என்று வந்தார். மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டுக் குழாயை உள்ளே விட்டேன். இடது குரல்நாணில் கடுகளவு வெள்ளைத் திட்டு. அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன்.

குழாயை உருவியதும் ராசு எச்சில் விழுங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இப்பவே வலி போயிருச்சுங்களே. குழாயிலயே மருந்து வெச்சிருக்கீங்களா?"

மரத்துப்போனதைக் குணமானதாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதரை எதற்குக் குழப்புவது? மறுநாள் ஏலத்துக்கு நடுவிலேயே அறிவித்துவிட்டார், டாக்டரம்மா குழாய் விட்டால் தொண்டைக் கோளாறு ஓடிப்போகிறது என்று. அந்த வாரம் என் வாசலில் நாற்பது பேர். மலைக்குள்ளேயே தள்ளியிருக்கும் தேவனூர் நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் மிளகும் தேனுமாக வந்தார்கள். என் ஆய்வு அவரால்தான் பிழைத்தது, அந்த நன்றி எனக்கு உண்டு.

பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய், ஆரம்ப நிலை. சேலத்தில் ஆறு வாரம் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுவார்கள், குரலும் தங்கும். ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நோயைக் கண்டவுடன் எல்லா மருத்துவர்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு வைத்தியம் செய்துவிடுகிறார்கள். தன் போக்கில் விட்டால் குரல் மாதா மாதம் எப்படி மாறும் என்பதற்கு நான் தேடியவரை ஒரு முழுப் பதிவு கிடையாது. இங்கே எனக்கு, கூப்பிடாமலே மாதம் தவறாமல் வரக்கூடிய ஒருவர் கிடைத்திருக்கிறார், அதுவும் அப்படிப்பட்ட குரலோடு. முடிவை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒவ்வொரு மாதமும் அதே ஏல வாசகத்தைச் சொல்லச் சொல்லிப் பதிந்தேன். மூன்றாம் மாதம் குரல் நடுவில் உடைந்தது. ஆறாம் மாதம் வேறொருவர் ஏலம் கூவ, ராசு பக்கத்தில் நின்று விரல் காட்டினார். அப்போது அவர் மனைவி பொன்னம்மாள் அவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டாக்டரம்மா, இவர சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா? ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்குதுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ராசு கிசுகிசுத்தார். "சும்மா இரு புள்ள. இந்தம்மா பாக்காததையா அங்க பாத்துருவாங்க?"

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, அடுத்த மாதத்துக்குத் தேதி சொன்னேன். அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது.

பதினோராம் பதிவில் வெறும் காற்றுச் சத்தம்தான். அதிலிருந்து நான்காம் நாள் மூச்சு அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் அடிவாரம் சேர்வதற்குள் ராசு போய்விட்டார். நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு பொன்னம்மாள் அவருடைய காகிதங்களைக் கேட்டாள். ஒன்று விடாமல் கொடுத்தேன். மகள் சங்கீதா நர்சிங் படிக்கிறாள், சோதனை முடிவில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

ஆமாம், நான்தான். ராசுவைத் தெரிந்தே சாகவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் என் குழாயை வியாழக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் வரவேண்டியிருக்கிறது. அதே இடத்தில் அதே வெள்ளைத் திட்டு, அவருக்கு இது மூன்றாம் மாதம். குழாயில் குணமாகிக்கொண்டிருக்கிறது என்று நம்பி வீட்டில்கூடச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறக்காதீர்கள், அவருடைய காகிதம் அங்கே இல்லை.

பேரைக் கேட்கிறீர்கள். மன்னியுங்கள். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்வது மருத்துவ தர்மம் இல்லை, அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பானவள்.