பதினான்காவது கட்டம்

உங்கள் அறைக் கதவு சாத்தும்போதெல்லாம் கிறீச்சிட்டுப் படாரென்று அடித்துக்கொள்கிறது. கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். என் பையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

அது என் மடக்கு நாற்காலிக்காக வாங்கியது. கல்லூரிகளில் கூடைப்பந்துப் பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பார்த்து, எந்தப் பையன் தொழில்முறை அணியில் தேறுவான் என்று எழுதுவது என் வேலை. நாற்காலி சத்தம் போட்டால் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் பார்க்கிறான் என்று தெரிந்தால் ஆட்டமே மாறிவிடும்.

நீங்கள் கேட்கும் இந்தப் பையன் சென்டர், அதாவது வளையத்துக்கு அடியில் நிற்கும் நெட்டை ஆள். "டேய் ஒட்டடைக்குச்சி, மேலே மழை வருதா பாரு" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள். "வருதுடா, உன்கிட்ட வந்து சேர அரை மணி ஆகும்" என்பான். பந்து வருமுன்பே இடது தோளை இறக்கிவிடுவான். அது திருத்தக்கூடிய குறை. அந்த உயரத்துக்கு அவ்வளவு லேசான பாதங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரு அக்கா. மருந்துக்கடை வேலைக்குப் போகும் வழியில் வந்து படியில் உட்காருவாள். "தேறுவானா சார்? கட்டில் பத்தாம குறுக்கால படுத்துத் தூங்குறான். இவனுக்கு ஒரு வழி பண்ணுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். பண்ணத்தான் நினைத்தேன்.

என் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதினொரு நாளில் பதின்மூன்றை நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டம், அடிபட்டபின் எப்படி மீள்கிறான் என்பது. இவனுக்கு ஒருநாளும் அடிபட்டதில்லை. அணி மேலாளரோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "போன தடவை நீ அனுப்பினவன் முதல் மாசமே அடிபட்டுச் சாஞ்சான், இன்னும் ஆட வரல. கட்டம் காலியா வந்தா நான் படிக்கவே மாட்டேன்யா." படிக்காவிட்டால் நஷ்டம் பையனுக்குத்தானே. விதைநெல்லைக்கூட முளைப்புப் பார்த்துத்தான் விதைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது நாற்காலிக்கு எண்ணெய் விட்டேன். பிறகு வளையத்தின் கீழே, அவன் இடது காலை ஊன்றும் இடத்தில், மூன்று சொட்டு. எங்கே ஊன்றுவான் என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆறாவது கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

இதற்குமுன் நான்கு பேருக்குச் செய்திருக்கிறேன். மூன்று பேர் சிராய்ப்போடு எழுந்து நொண்டிக்கொண்டே ஆடினார்கள். அவர்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டேன். நான்காமவன் எழவில்லை. அதையும் மறைக்காமல்தான் எழுதினேன்.

இவனுக்கு முழங்கால் திரும்பிக்கொண்டது. அந்தச் சத்தம் உங்கள் கதவுச் சத்தத்தில் பாதிகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டரின் அறையிலிருந்து அக்கா வெளியே வந்து, "இனிமே ஆடவே முடியாதாம் சார்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை என்கிறீர்கள். அப்போது நான் கேட்ட கேள்விதான் அவளை உங்கள் ஸ்டேஷனுக்கு அனுப்பியதாம். அக்கறையோடு கேட்டதுதான் அது. வேண்டுமானால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"டாக்டர் சொன்னதும் தம்பி முகம் எப்படிம்மா இருந்துச்சு? எதையும் விடாம சொல்லு, ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு."